கப்பலில் சாப்பாடும் நாள்பொழுதும்: பாலக்காட்டு எல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, வண்டித்தாவளம் ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னைத் துறைமுகத்தைவிடக் கொச்சித் துறைமுகமே அருகில் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம் முடிந்த பெற்றோரைப் பிள்ளைகள் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பக்கத்திலும் பரவி வருகிறது. அப்படிப் புறப்படும் குடும்பங்கள் பயணச்சீட்டின் விலையையும் அறையின் படத்தையும் பலமுறை பார்க்கின்றன. கப்பலில் எத்தனை மணிக்கு எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடப் போகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. கப்பலில் ஒரு நாளை நடத்திச் செல்வது சாப்பாட்டு நேரம்தான். நாடகம், நீச்சல் குளம், கரையிறக்கம், உறக்கம் எல்லாம் அதைச் சுற்றியே அமைகின்றன. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர், முட்டைகூடத் தொடாத பாட்டி, ஒன்பது மணிக்குமேல் விழித்திருக்காத குழந்தை என்று எல்லோரும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு, சாப்பாட்டை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதே பயணத்தின் பாதி வேலை. இந்த வழிகாட்டி அதை முன்னிட்டே எழுதப்பட்டது.

முதல் படி: எந்தக் கப்பல், எந்தப் பருவம்

நமக்கு எட்டும் பயணங்கள் மூன்று வகையானவை. முதலாவது, இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல். 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட இக்கப்பல், 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பயணிகளுக்கான ஓட்டத்தைத் தொடங்கியது. பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால் சைவ உணவும் வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத சமண உணவும் அங்கே அன்றாடச் சமையலைச் சேர்ந்தவை. அது எந்தத் துறைமுகங்களைத் தொடும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், கொச்சியில் ஏற முடியுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சிங்கப்பூர், துபாய் அல்லது ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு விமானத்தில் சென்று ஏறும் வெளிநாட்டுக் கப்பல்கள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இவற்றுக்கே அதிகம் பொருந்தும், ஏனெனில் உணவுச் சிக்கல்கள் அங்கேதான் மிகுதி.

மூன்றாவது, கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குச் செல்லும் அரசுக் கப்பல். சமுத்ரம் என்ற பெயரிலுள்ள சுற்றுலாத் திட்டத்தில், விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் உருவான எம்.வி. கவரத்தி கப்பலில் இரவைக் கழித்து, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கிப் பார்க்கலாம். தீவுகள் கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அங்கே செல்ல அனுமதிச் சீட்டு கட்டாயம். தீவுகளைச் சுற்றிக் காயல் இருப்பதால் கப்பல் வெளியே நின்றுவிடும், பயணிகள் படகுக்கு மாறிக் கரை சேர வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களால் இந்த மாற்றத்தைச் செய்ய முடியுமா என்பதை மனம் விட்டுப் பேசி முடிவெடுப்பது நல்லது. இது சொகுசுக் கப்பல் அன்று. பயணிகளையும் சரக்கையும் தீவுகளுக்கு ஏற்றிச் செல்லும் கப்பலில் கிடைக்கும் எளிய சாப்பாடும் எளிய படுக்கையும்தான் இருக்கும். அதை அறிந்து போகிறவர்களுக்கு மிக நிறைவான பயணம்.

பருவத்தைப் பொறுத்தவரை, அரபிக்கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் நம் தென்னந்தோப்புகள் ஆடும் அதே மாதங்களில் கடலும் அமைதியாக இருப்பதில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரையுள்ள காலமே முதல்முறை செல்பவர்களுக்கு உகந்தது.

இரண்டாம் படி: முன்பதிவின்போதே சாப்பாட்டைப் பேசி முடித்தல்

பெரும்பாலான வெளிநாட்டுக் கப்பல்களில் பயணக் கட்டணத்துக்குள் அடங்கும் உணவு இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, மேல்தளத்தில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே. மற்றொன்று, மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் முதன்மைச் சாப்பாட்டுக்கூடம். இவற்றைத் தவிர இத்தாலிய உணவு, ஜப்பானிய உணவு, வறுத்த இறைச்சி என்று தனித்தனி உணவகங்கள் இருக்கும், அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதன்மைக் கூடத்தில் இரவு உணவுக்கு, மாலை ஆறு மணியை ஒட்டிய முதல் பந்தி, எட்டு மணியை ஒட்டிய இரண்டாம் பந்தி என்று இரண்டு வேளைகள் வைத்து, அதில் ஒன்றை முன்பதிவின்போதே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சில கப்பல்களில் விரும்பிய நேரத்தில் வரும் ஏற்பாடும் உண்டு.

நம் வீட்டுப் பெரியவர்கள் ஏழரை மணிக்குக் கஞ்சியோ தோசையோ சாப்பிட்டுப் பழகியவர்கள். இரண்டாம் பந்தியில் எட்டரைக்கு உட்கார்ந்தால் முதல் தட்டு வருவதற்கே ஒன்பது மணியாகலாம், எழும்போது பத்தாகிவிடும், ஏனெனில் அங்கே ஒரு சாப்பாடு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் நீளும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்தத் தாமதம் உண்மையான ஆபத்து. ஆகவே முதல் பந்தியையே கேளுங்கள். கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் பெரியவர்களுக்கு இரவு உணவைப் பஃபேயிலேயே வைத்துக்கொள்ளலாம். குடும்பமே சேர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசையைவிட மருந்தின் நேரம் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

உணவுத் தேவையை எழுத்தில் தெரிவிப்பதும் இந்தக் கட்டத்தில் நடக்க வேண்டியது. இந்தியச் சைவம், சமண உணவு, ஹலால், கோதுமைப் பசையம் ஒவ்வாமை, நிலக்கடலை ஒவ்வாமை என்று எதுவாயினும் பயண நாளுக்குப் பல வாரங்கள் முன்பே முகவர் வழியாகவோ நிறுவனத்துக்கு நேரடியாகவோ எழுதி, பதிலைப் பெற்று, அந்தப் பதிலின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. வெளிநாட்டுச் சமையலறையில் அந்தச் சொல்லுக்குள் முட்டையும் பாலாடைக்கட்டியும் அடங்கும். ஆகவே இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம், பாலும் தயிரும் நெய்யும் சாப்பிடுவோம் என்று விரித்து எழுதுவதே சரி. ஹலால் வேண்டுவோரும் எல்லா இறைச்சியும் ஹலாலா, கேட்டவருக்கு மட்டும் தனியாக வருகிறதா, தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார்களா என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: அறையும் ஆவணங்களும்

அறைகள் உள்ளறை, சன்னல் அறை, பால்கனி அறை, பெரிய சூட் என்று நான்கு வகைப்படும். குமட்டல் வருமோ என்று அஞ்சுபவர்கள் வகையைவிட இடத்தைப் பார்க்க வேண்டும். கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும் உயரத்தில் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் மிகக் குறைவு. முன்முனையிலும் உச்சித் தளங்களிலும் அது மிகுதி. சாப்பாட்டுக்கூடத்துக்கோ நாட்டிய அரங்குக்கோ நேர்மேலுள்ள அறையில் இரவில் சத்தம் கேட்கும் என்பதால் தள வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைத்தடி பயன்படுத்துபவருக்கு மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறை பெரிய உதவி, ஏனெனில் இந்தக் கப்பல்களின் நடைபாதைகள் மிக நீளமானவை.

விசாவில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு நாட்டில் ஏறி, வேறு நாட்டில் இறங்கி, மீண்டும் முதல் நாட்டுக்கே திரும்பும் பயணம் என்றால், அந்த முதல் நாட்டுக்குப் பலமுறை நுழையும் விசா தேவைப்படும். கருவுற்ற பெண்களைப் பயணத்தின் எந்தக் கட்டத்திலும் 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் பொதுவாக அனுமதி இல்லை. கப்பலிலுள்ள மருத்துவமனையில் கட்டணம் மிக அதிகம் என்பதால், மருத்துவச் செலவையும் அவசரமாகக் கரைக்கு எடுத்துச் செல்லும் செலவையும் சேர்த்து ஏற்கும் காப்பீடு இல்லாமல் பெரியவர்களை அழைத்துச் செல்லாதீர்கள்.

நான்காம் படி: மூட்டை கட்டுதல்

நம் வீடுகளில் பயணம் என்றாலே புளியோதரையும் தோசையும் பொட்டலமாகிவிடும். கப்பலில் வீட்டுச் சமையலை ஏற்ற விடமாட்டார்கள், நுழைவாயிலிலேயே வாங்கிக்கொள்வார்கள். கடையில் வாங்கிப் பிரிக்காத உறையில் உள்ள உலர்ந்த பண்டங்களைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, இட்லிப் பொடி, உடனடிக் காப்பித்தூள் பொட்டலம், சிறு உறைகளில் வரும் ஊறுகாய் ஆகியவை போதும். பஃபேயில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும். நம் நாக்குக்குப் பழகிய டிகாக்‌ஷன் காப்பி அங்கே கிடைக்காது என்பதால் இந்தத் தூள்தான் விடியற்காலைத் துணை.

மின்கெண்டி, சாதம் வடிக்கும் மின்குக்கர், இஸ்திரிப்பெட்டி ஆகிய சூடாகும் கருவிகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டவை. திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் அமைப்பு வைத்த நீட்டிப்புப் பலகைகளையும் பறிமுதல் செய்வார்கள். இதைவிட முக்கியமாக, விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி எதையும் அறையில் ஏற்றக் கூடாது. கப்பலில் தீயே மிகப் பெரிய ஆபத்து என்பதால் புகையுணர்விகள் மிகக் கூர்மையானவை. தினமும் விளக்கேற்றாமல் இருக்க மனம் ஒப்பாத பெரியவர்களுக்குச் சிறு படம் ஒன்றும் மின்கலத்தில் எரியும் விளக்கும் எடுத்துச் செல்லலாம், ஏறும் முன்பே இதை அவர்களிடம் அன்பாகச் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டுக் கப்பல்களின் கழிவறையில் கழுவும் குழாய் இருக்காது. வாளியும் குவளையும் கிடையாது. கழுத்து வளைந்த பயணப் புட்டி ஒன்றை ஒவ்வொருவருக்கும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கழிவறைகள் காற்றுறிஞ்சலில் இயங்குவதால் அங்கே தரும் தாளைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொண்டு, வரிசையிலுள்ள பல அறைகளுக்குத் தொல்லையாகும். அறையின் சுவர்கள் இரும்பாலானவை என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும், துண்டும் ஈரத்துணியும் மாட்ட உதவும். மின்செருகிகள் அமெரிக்க வகையாகவும் ஐரோப்பிய வகையாகவும் இருக்கும், நம் மூன்று முனைச் செருகிக்கு மாற்றுச் செருகி வேண்டும்.

உடையில் அச்சம் வேண்டாம். முறையான உடையுடன் வரச் சொல்லும் இரவில் நம் பட்டுப்புடவையும் சரிகை வேட்டி சட்டையும் முழு மரியாதைக்குரிய உடைகள். பல நிறுவனங்கள் அந்தந்த நாட்டு மரபுடையை அந்த இரவுக்கு ஏற்கின்றன. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், நீச்சலுடை ஆகியவற்றோடு சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைய முடியாது என்பதே பொதுவான விதி.

மருந்துகளைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைவாசலில் வைப்பார்கள். அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டி இன்சுலினுக்குப் போதுமான குளிர்ச்சியைத் தரும் என்று நம்ப முடியாது, முன்பே சொல்லி மருத்துவக் குளிர்ப்பெட்டியைக் கேட்டுப் பெறலாம். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் கலனையும் அறைப் பணியாளர் கொண்டுவந்து தருவார்.

ஐந்தாம் படி: கொச்சிக்குச் செல்வதும் ஏறுவதும்

பாலக்காடு சந்திப்பிலிருந்து எறணாகுளம் சுமார் 150 கிலோமீட்டர். குதிரான் சுரங்கப்பாதை திறந்த பின்னர் சாலைவழி சுலபமாகிவிட்டது என்றாலும் திருச்சூருக்கும் அங்கமாலிக்கும் இடையே நெரிசல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. முந்தைய நாளே எறணாகுளம் சென்று தங்குவதையே வலியுறுத்துவேன். பயணிகள் கப்பல்களுக்கான சாகரிகா முனையம் வெல்லிங்டன் தீவில் எறணாகுளம் கப்பல்துறையில் உள்ளது. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இம்முனையத்துக்கு எறணாகுளம் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ எளிதாகச் செல்லலாம். இந்தத் தீவின் பெரும்பகுதி இயற்கையானது அன்று. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் தலைமையில் காயலை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. கப்பல் புறப்பட்டதும் அறைக்குள் போகாமல் மேல்தளத்தில் நில்லுங்கள். வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவிலுள்ள கால்வாய்வாயில் வழியாகத்தான் கடலுக்குள் இறங்குவோம், சீனவலைகள் இரு கரையிலும் தெரியும்.

ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை தருவார்கள். அறைச் சாவியும் கடன் கணக்கும் கரையிறங்கும் அனுமதியும் அதுவே. அதன் பின் பணத்தாள் எங்கும் செல்லாது. பிள்ளைகளின் அட்டையில் செலவுரிமையை நீக்கச் சொல்லி முகப்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.

ஏறியவுடன் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள், அங்கே உட்கார இடம் கிடைக்காது. முதன்மைக் கூடம் அந்த மதியம் திறந்திருந்தால் அங்கே அமைதியாகச் சாப்பிடலாம். அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. இத்தாலியக் கரையில் 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்த விபத்துக்குப் பின்னர், சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ இந்தப் பயிற்சி நடந்தே தீர வேண்டும் என்றாகியது. ஏழு குறுகிய ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அட்டையில் எழுதியுள்ள கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். பாட்டிக்கும் பேரக்குழந்தைக்கும் இந்த ஒலி என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள், ஒரு முறை அந்த இடம் வரை நடத்திக் காட்டுங்கள்.

ஆறாம் படி: முதல் மாலை, சாப்பாட்டுக்கூடத்தில்

இந்த ஒரு மாலையில் செய்வது பயணம் முழுவதையும் தீர்மானிக்கும். பந்தி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே சாப்பாட்டுக்கூடத்தின் வாசலுக்குச் சென்று, கூடத்தின் மேலாளரைக் கேட்டு, முன்பு எழுதிய கடிதத்தின் பிரதியைக் காட்டி, மேசை எண்ணுடன் உங்கள் தேவையைச் சொல்லுங்கள். 'நோ மீட், நோ ஃபிஷ், நோ எக், நோ ஸ்டாக்' என்று நான்கே சிறு தொடர்களில் சொன்னால் எந்த நாட்டுப் பணியாளருக்கும் புரியும். உலகக் கப்பல்களில் வேலைசெய்பவர்களில் இந்தியர்கள் நிறையப் பேர், மலையாளம் பேசுபவரோ தமிழ் பேசுபவரோ சமையலறையில் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. எல்லைப்பகுதியில் வளர்ந்த நமக்கு இரண்டு மொழியும் கைவசம் இருப்பது இங்கே பெரும் பயன் தரும்.

பின்னர் மேலாளரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: அடுத்த நாளின் உணவுப் பட்டியலை முந்தைய இரவே பார்த்து, தேவையானதை இன்றே சொல்லிவிட அனுமதிக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குப் பல கப்பல்களில் இந்த வசதி உண்டு, கேட்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். அப்படிச் சொல்லிவைத்தால் பருப்புக் கறியோ காய்கறிக் கூட்டோ சாதத்துடன் மறுநாள் தனியாக வரும்.

பட்டியலில் சைவக் குறி இருந்தாலும் மறைந்திருக்கும் பொருள்களை அறிந்திருக்க வேண்டும். காய்கறி சூப்பின் அடிநீர் கோழி எலும்பிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கலாம். சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி போன்ற மீன் அரைத்துச் சேர்ப்பது மரபு, ஊஸ்டர்ஷயர் சாஸிலும் அதே மீன் உண்டு. தாய்லாந்துக் குழம்பில் மீன்சாறும் இறால் விழுதும் இருக்கும். மெத்தென்ற குளிர் இனிப்புகளிலும் ஜெல்லியிலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேரும். பார்மசான் பாலாடைக்கட்டிக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறை பயன்படுத்துகிறார்கள். மெக்சிகோ முறையில் மசித்த பயறு பன்றிக்கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம். இவற்றில் எது உங்களுக்கு விலக்கு என்பதை நீங்கள் தீர்மானித்து, அந்த ஒன்றைப் பெயர்சொல்லிக் கேளுங்கள். பொதுவாக 'இது சைவமா' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

முதன்மைக் கூடத்தில் தொடக்க உணவு, முதன்மை உணவு, இனிப்பு என்று வரிசையாக வரும். பசிக்குப் போதாவிட்டால் இரண்டு தொடக்க உணவு கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் பொதுவாக இல்லை. கையால் சாப்பிட விரும்பினால் சாப்பிடுங்கள், அதற்காக எந்தக் கப்பலும் முகம் சுளிக்காது.

ஏழாம் படி: பஃபேயை ஆளுதல்

பஃபேயில் நுழைந்தவுடன் தட்டை எடுக்காமல் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர வேண்டும். இந்திய உணவுக்கென ஒரு மூலை பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும், அதைக் காணும் முன்பே தட்டை நிரப்பிக்கொண்டு வருந்துபவர்கள் பலர். சிறு தட்டில் கொஞ்சமாக எடுத்து மீண்டும் போவதே முறை. இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் கற்றதை இங்கே விட்டுவிட வேண்டாம். பந்தியில் பரிமாறுபவர் நம் வயிற்றைப் பார்த்து அளவோடு வைப்பார், இங்கே அந்த அளவை நாமே வைக்க வேண்டும்.

மட்டை அரிசிச் சோறும் மொளகூட்டலும் கிடைக்காது. நீளமான வெள்ளைச் சாதம் கிடைக்கும். காலை உணவு மேசையில் இனிக்காத தயிர் இருக்கும், இரவில் அது மேசையில் இல்லாவிட்டாலும் கேட்டால் உள்ளிருந்து கொண்டுவருவார்கள். சாதத்தை நன்றாகக் குழைத்துத் தயிரும் உப்பும் கலந்து, நம் ஊறுகாய் உறை ஒன்றைப் பிரித்தால் பெரியவர்களுக்கு ஒரு வேளை நிம்மதியாக முடிந்துவிடும். வெந்த உருளைக்கிழங்கு, ரொட்டி, கஞ்சி வகையில் வரும் ஓட்ஸ், வெட்டிய பழம் ஆகியவை எல்லாக் கப்பலிலும் இருப்பவை. எந்த நாளும் கைவிடாத உணவு இவை நான்கும்தான்.

கூட்டம் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையிலும் மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரையிலும் உச்சத்தில் இருக்கும். நம் பெரியவர்கள் வழக்கம்போல் ஏழு மணிக்கே சென்றால் சன்னலோர மேசை கிடைக்கும். துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லோரும் முந்திச் சாப்பிட வருவதால், அன்று முந்தைய இரவே அறைக்கதவில் தொங்கவிடும் உணவு அட்டையை நிரப்பி அறைக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: கை கழுவுதல்

இதை நான் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைப் பிடித்து எடுக்கும் இடத்தில் நோரோவைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி மிக விரைவாகப் பரவுகிறது. வாசலில் தெளிக்கும் ஆல்கஹால் திரவம் இந்தக் கிருமிக்கு நன்றாகப் பயன்படாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதே சரியான வழி. சாப்பாட்டை எடுத்து முடித்து மேசைக்கு வந்த பின் மீண்டும் ஒருமுறை கை கழுவினால் இன்னும் நல்லது, கையால் சாப்பிடும் நமக்கு இது மிகவும் பொருந்தும்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம் சூடான உணவை 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும் குளிர்ந்த உணவை 5 டிகிரிக்கு மேற்படாமலும் வைக்கச் சொல்கிறது. ஆவி வராத சூடான பண்டத்தையும், வெயிலில் திறந்து கிடக்கும் குளிர் பண்டத்தையும் எடுக்காமல் விடுவது நமக்கான எளிய விதி. குழந்தைக்கோ பெரியவருக்கோ வயிற்றுப்போக்கு தொடங்கினால் மறைக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். அறையில் ஓய்வெடுக்கச் சொல்வார்கள், அது மற்றவர்களின் நலனுக்கும் உரியது. குடிநீரைப் பொறுத்தவரை, பெரிய கப்பல்கள் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் குடிநீராக்குகின்றன, கரையிலிருந்தும் நிரப்பிக்கொள்கின்றன. புட்டித் தண்ணீருக்குக் காசு கொடுப்பதற்கு முன் பஃபேயிலுள்ள குடிநீர்க் குழாயில் உங்கள் புட்டியை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: கடல்நாளும் துறைமுக நாளும்

தினமும் மாலையில் அடுத்த நாளின் நிகழ்ச்சித் தாள் அறைக்கு வரும், அல்லது கைப்பேசிச் செயலியில் தோன்றும். அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே படித்து, முதலில் உணவு வேளைகளைக் குறித்து, அவற்றுக்கு இடையே நாடகத்தையும் நீச்சலையும் பொருத்துங்கள். முதல் பந்திக்குப் போகிறவர்களுக்கு உணவு முடிந்ததும் அரங்க நிகழ்ச்சி வாய்க்கும். டயப்பர் கட்டிய குழந்தைகளைப் பொதுநீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். கைப்பேசியை 'ஏரோப்ளேன் மோட்' என்னும் அமைப்பில் வைக்காவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் நுழைந்து பெரும் கட்டணம் ஏறும், ஏறியவுடனேயே எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி நீங்களே மாற்றிவிடுங்கள்.

துறைமுக நாளில் கப்பல் நேரத்தை மட்டுமே நம்ப வேண்டும், ஏனெனில் உள்ளூர் நேரம் சில சமயம் மாறுபடும். கடைசியாக ஏற வேண்டிய நேரம் புறப்படும் நேரத்துக்கு அரைமணி அல்லது ஒருமணி முன்பே வந்துவிடும். கரையில் சாப்பிட ஏதும் கிடைக்காதோ என்ற கவலையில் பஃபேயிலிருந்து பழமும் ரொட்டியும் எடுத்துச் செல்லக் கூடாது, பல நாடுகளில் அது சட்டத்துக்குப் புறம்பானது. உறை பிரிக்காத பிஸ்கட் இருந்தால் போதும், சர்க்கரை குறைந்து தளர்ச்சி வந்தால் அதுவே கை கொடுக்கும்.

பத்தாம் படி: குமட்டலும் கணக்கும்

கப்பல்களின் இருபுறமும் நீருக்கடியில் சிறகு போன்ற தட்டுகள் விரிந்து ஆட்டத்தைக் குறைக்கின்றன. ஆனாலும் முதல் இரவில் சிலருக்குத் தலை சுற்றும். குமட்டல் வந்த பின் மாத்திரை எடுப்பதால் பயன் குறைவு. உங்கள் மருத்துவரிடம் பயணத்துக்கு முன்பே கேட்டு, உங்களுக்கு ஏற்ற மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், கண்ணழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் தாமாக எதையும் விழுங்கக் கூடாது. வயிற்றைக் காலியாக வைக்காமல் உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி ஆகியவற்றைக் கொஞ்சமாகச் சாப்பிட்டு, நடுத்தளத்தில் காற்றோட்டமான இடத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. புத்தகமும் கைப்பேசியும் அந்த நேரத்தில் வேண்டாம்.

பணியாளர்களுக்கான அன்பளிப்பை ஒரு தலைக்கு ஒரு நாளுக்கு என்று கணக்கிட்டு அட்டைக் கணக்கில் தாமே சேர்ப்பார்கள், பல கப்பல்களில் குழந்தைகளுக்கும் சேரும். சிறப்புக் காப்பி, குளிர்பானம், அறைக்கு வரும் சில உணவுகள், புகைப்படம் ஆகியவை தனிச் செலவு. ஒவ்வொரு இரவும் முகப்பிலோ தொலைக்காட்சியிலோ கணக்கைப் பார்த்துவிட்டால் தவறான பதிவை அன்றே திருத்தலாம்.

இறங்கும் நாள்

முந்தைய இரவே வண்ணச்சீட்டுக் கட்டிய பெட்டிகளை அறைவாசலில் வைக்கச் சொல்வார்கள். இரவில் போடும் மருந்து, காலையில் உடுத்தும் துணி, பாஸ்போர்ட், பல்செட் இவற்றை அதற்குள் வைத்துவிட்டால் காலையில் கிடைக்காது. கடைசிக் காலை உணவு வழக்கத்தைவிட முன்னதாகவே முடிந்துவிடும் என்பதால் நேரத்தை முந்தைய நாளே கேட்டு, சர்க்கரை மருந்து எடுப்பவர்களை முதலில் சாப்பிட வையுங்கள். எறணாகுளத்தில் இறங்குபவர்கள் காலை ரயிலுக்குச் சீட்டு எடுக்க வேண்டாம். குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடியவே மதியமாகலாம், பிற்பகல் வண்டியில் சீட்டு எடுத்து, மதியச் சாப்பாட்டை எறணாகுளத்திலேயே ஒரு நல்ல சைவ ஓட்டலில் முடித்துக்கொண்டு பாலக்காட்டுக்கு ஏறுவதே பெரியவர்களின் உடம்புக்கு ஏற்றது.